குடலுக்கு வெட்கம் கிடையாது

ஏற்காடு,
9 பிப்ரவரி 2025

ஏனுங்க மாமா,

கடிதமா என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். உங்கள் நம்பரை என் போனில் பிளாக் பண்ணிவிட்டேன். போனில் நீங்கள் கத்துகிறீர்கள், நான் அழுகிறேன், கடைசியில் எதற்காகப் பேச ஆரம்பித்தோம் என்றே தெரியாமல் சார்ஜ் தீர்ந்துபோகிறது. காகிதத்தில் கத்த முடியாது. மாரமங்கலம் ஜீப் ஓட்டும் செல்வராஜ் அண்ணன் இதைக் கொண்டுவந்து கொடுப்பார். பதிலையும் அவரிடமே கொடுத்து அனுப்புங்கள்.

நான் மைமூன் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறேன். பஜாரில் தையல் கடை வைத்திருப்பவர். ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் அவருடைய அம்மா படுத்திருந்தார். அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்த மனுஷி. "எத்தன நாளானாலும் இருங்க மலரு, மாடி சும்மாத்தான கெடக்குது" என்கிறார். சும்மா இருக்கக் கூசுகிறது. அதனால் கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக் கொடுக்கிறேன்.

நான் ஏன் வந்துவிட்டேன் என்று ஊருக்குள் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறீர்களோ தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன். டிசம்பரில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. "குடலேத்தம்" என்று நீங்களே முடிவு செய்து, சின்னத்தாயி அக்காவைக் கூட்டிவந்து விளக்கெண்ணெய் போட்டு உருவச் சொன்னீர்கள். குடல் மேலே ஏறிக்கொண்டதாம், தட்டித் தட்டிக் கீழே இறக்க வேண்டுமாம். அவர் தட்டத் தட்ட நான் கத்தினேன். "எறங்குது சாமி, எறங்குது" என்றார். ஒன்றும் இறங்கவில்லை. உள்ளே முறுக்கிக்கொண்டு கிடந்த குடல் ரத்தம் ஓடாமல் கறுத்துப்போனது. சேலத்தில் வயிற்றைத் திறந்து, செத்த துண்டை வெட்டி எடுத்து, மிச்சக் குடலின் நுனியை இடது பக்கம் வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறது. இப்போதைக்கு மலம் அந்த வழியாகத்தான் வரும். இப்படித்தான் நான் பிழைத்தேன்.

குடலேற்றம் என்று நினைத்ததற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் அப்பா இருந்திருந்தாலும் அதே எண்ணெயைத்தான் தேடியிருப்பார். என் கோபம் கட்டிலுக்காக. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கு என் கட்டிலைப் பல்ப்பர் ஷெட்டில் கொண்டுபோய்ப் போட்டிருந்தீர்கள், காப்பிப் பழத்துக்குத் தோலுரிக்கிற மெஷின் பக்கத்தில். "வசதிக்காகத்தான்" என்றீர்கள். மறுநாள் காலை பஸ்ஸில் நான் கிளம்பிவிட்டேன். யாருடைய வசதிக்காக மாமா? அதை மட்டும் எழுதுங்கள்.

மலர்

*

மாரமங்கலம்,
16 பிப்ரவரி 2025

மலருக்கு,

எனக்கு எழுத வராது என்று தெரிந்தும் எழுதச் சொல்கிறாய். எட்டாவதோடு பேனாவைத் தூக்கிப் போட்டவன் நான். இதை எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விட்டது.

மிளகு பறிப்பு ஆரம்பித்தாயிற்று. ஏணி பிடிக்க ஆள் இல்லை. மேல்காட்டில் காட்டெருமை இறங்கிப் புது நாற்றையெல்லாம் மிதித்துவிட்டது. நீ இருந்தால் தகரத்தைத் தட்டி விரட்டியிருப்பாய்.

ஷெட்டில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. கழுவ, கொள்ள வசதி. அதை நினைத்துத்தான் கட்டிலைப் போட்டேன். நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்.

எல்லாம் நீ மட்டும்தான் பட்டாய் என்பதுபோல எழுதியிருக்கிறாய். உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஜீப்பில் மலை இறங்கியவன் யார்? ஒவ்வொரு வளைவிலும் "நான் போயிருவேன் மாமா" என்றாய். நான் சாமியைக் கும்பிட்டேனா, டிரைவரைத் திட்டினேனா என்று எனக்கே ஞாபகம் இல்லை. பிறகு வார்டில் நர்ஸம்மா முதல்தடவை உன் வயிற்றை மூடியிருந்த துணியை எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். கிடாய் வெட்டினால் பார்க்கிற சமாசாரம், என் பொண்டாட்டி வயிற்றுக்கு வெளியே உயிரோடு நெளிந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க நூறு பேர் வந்தார்கள். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

புண் எப்போது ஆறும் என்று டாக்டரிடம் கேட்டாயா? ஆறியதும் சொல். வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

சின்னராஜ்

*

ஏற்காடு,
20 பிப்ரவரி 2025

ஏனுங்க மாமா,

சோறு இறங்கவில்லை என்பதை இப்போதுதான் சொல்கிறீர்கள். வார்டிலேயே சொல்லியிருந்தால் மைமூன் அக்காவிடம் இன்னொரு டம்ளர் கஞ்சி கேட்டிருப்பேன். நீங்கள் என்னவென்றால் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அது புண் இல்லை மாமா. ஆறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. உங்கள் கன்னத்தை விரலால் இழுத்து உள்பக்கத்தைக் கண்ணாடியில் பாருங்கள். சிவப்பாக, ஈரமாக, பளபளவென்று இருக்கிறதா? இதுவும் அப்படித்தான். வாயில் ஆரம்பித்து ஆசனவாய் வரைக்கும் ஒரே குழாய்தானே. உங்களுக்கு அதன் மறுமுனை பின்னால் இருக்கிறது, எனக்கு முன்னால் இருக்கிறது.

நெளிந்தது என்றீர்கள். நெளியத்தான் செய்யும். நெளிந்தால்தான் தின்றது நகரும். இதைப் படிக்கிற இந்த நிமிஷம் உங்கள் வயிற்றுக்குள்ளும் அதே வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு ஆபரேஷன் செய்த ஹரிஹரன் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். குடலைத் தொட்டாலோ கிள்ளினாலோ வலியே தெரியாதாம். உப்பினால், இழுத்தால், முறுக்கினால்தான் அது கத்துமாம். நான் நம்பாமல் விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு விரலுக்குத்தான் தெரிந்தது, குடலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்து இலக்கியா வந்திருந்தாள். "காட்டும்மா" என்று அடம் பிடித்தாள். பயந்துகொண்டேதான் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "குட்டிப் பாப்பா கொட்டாவி உடற மாதிரி இருக்குதும்மா" என்றாள். பையை மாற்றும்போது கூடமாட ஒத்தாசையும் செய்தாள். அப்புறம் கை கழுவிவிட்டு வந்து மூன்று தோசை தின்றாள். உங்கள் மகள்தான் அவள்.

என் சிக்கல் வேறு. நாள் பார்த்துச் செய்கிற ஆபரேஷன் என்றால், நம்மை நிற்கவைத்து, உட்காரவைத்து, துணி எங்கே கட்டுவாய் என்று கேட்டு, வயிற்றில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டுத்தான் அறுப்பார்களாம். நான் போன அவசரத்தில் அதற்கெல்லாம் ஏது நேரம்? எனக்கு வாய்த்த இடம் சரியாகப் பாவாடை நாடா இறுக்குகிற கோட்டில். பறிப்புச் சாக்கை இடுப்பில் கட்டுகிற கயிறும் அங்கேதான் வரும். இத்தனை வருஷம் அந்தக் கயிறு தேய்த்துத் தேய்த்து அங்கே தோலே தடித்துப் போயிருக்கிறது. அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டோம். நாடாவை நெஞ்சுக்குக் கீழே தூக்கிக் கட்டுகிறேன். இடது தோளில் மாட்டி வலது பக்கமாகத் தொங்குகிற மாதிரி ஒரு சாக்கை நானும் மைமூன் அக்காவும் தைத்திருக்கிறோம். மூட்டை மட்டும் தூக்கக் கூடாது, தூக்கினால் அந்த ஓட்டை வழியாகக் குடல் பிதுங்கிவிடுமாம். அடுத்த பறிப்புக்கு நான் காட்டில் இருப்பேன்.

புண் என்று இனி எழுதாதீர்கள்.

மலர்

*

மாரமங்கலம்,
12 மார்ச் 2025

மலருக்கு,

கண்ணாடியில் பார்த்தேன். நீ சொன்ன மாதிரிதான் இருக்கிறது. அதற்காக ஊரைக் கூட்டி வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருக்க முடியுமா?

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. நம் பங்காளிகளுக்குள் சாமைப் படையல் வைக்கிற முறை இந்த வருஷம் நம் வீட்டுக்கு. புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியாக நின்றுதான் கோயில் குகைக்குள் சாமி முன்னால் வைக்க வேண்டும். நீ இல்லையென்றால் விஜயகுமாரும் கவிதாவும் வைப்பார்கள். விஜயகுமார் எனக்குத் தம்பி முறைதான், நல்லவன்தான். ஆனாலும் ஒரு தடவை கை மாறினால் மாறினதுதான். எங்கள் அப்பா கையால் வைத்த படையல், நான் இருக்கும்போதே போக வேண்டுமா?

ஐயாக்கண்ணு பெரியப்பாவிடம் பேசிப் பார்த்தேன். படையலுக்குக் கற்பூரம் காட்டுகிறவர் அவர்தானே. "அந்தப் பையக் கட்டிக்கிட்டு உள்ள வந்தா சுத்தமாடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள்.

அதனால் ஒரு டாக்டரைப் பிடித்திருக்கிறேன். சேலத்தில் தனியாக வைத்து நடத்துகிறார். ஏப்ரலிலேயே குடலை உள்ளே தள்ளி இணைத்துவிடலாம் என்கிறார். திருவிழாவுக்குள் எழுந்து நடமாடிவிடலாமாம். செல்வராஜிடம் ஜீப்புக்குச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை வருவான். மறுக்காதே கண்ணு. எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

சின்னராஜ்

*

ஏற்காடு,
15 மார்ச் 2025

ஏனுங்க மாமா,

செல்வராஜ் அண்ணன் வந்தார். டீ குடித்தார். வெறும் ஜீப்போடு திரும்பிப் போனார். இனி அனுப்பாதீர்கள்.

ஹரிஹரன் டாக்டரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். ஒரு தாளில் வரைந்து காட்டினார். வயிறு என்றால் வெறும் தோல் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம்? முதலில் தோல். அடியில் கொழுப்பு. அதற்கு அடியில் வெள்ளையாக, விறைப்பாக ஒரு சவ்வு. அப்புறம் சதை. நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு பட்டை, பக்கவாட்டில் மூன்று அடுக்கு. அந்த மூன்றும் ஆளுக்கு ஒரு திசையில் ஓடுகின்றன, சாக்கு இழை குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற மாதிரி. அதனால்தான் நாம் சுமை தூக்கினாலும் தும்மினாலும் குடல் வெளியே வராமல் நிற்கிறது. கடைசியாக மெல்லிசாக ஓர் உறை. அதற்குள்தான் குடல். இவ்வளவையும் நட்டநடுவில் வெட்டி ஒருமுறை தைத்திருக்கிறார்கள். மேலே தோல் கூடிவிட்டது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வெள்ளைச் சவ்வு மாசக் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாம். உள்ளே குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். அது இளகுவதற்குள் திறந்தால், பிரிக்கும்போதே கிழியும். இணைத்த இடம் கசிந்தால் மலம் வயிற்றுக்குள் பரவும். அப்புறம் பையைப் பற்றிப் பேசுவதற்கு நான் இருக்க மாட்டேன்.

"ஜூலைக்கு மேல பாக்கலாங்க. அதுவும் உங்களுக்கு வேணும்னாத்தான். இதோடவே ஆயுசு பூரா நல்லா இருக்கறவங்க இருக்கறாங்க" என்றார்.

படையலுக்கு நாள் குறித்து என் வயிற்றைத் திறக்கப் பார்க்கிறீர்கள். சாமிக்கு உடைக்க அது என்ன தேங்காயா?

சுத்தத்தைப் பற்றிப் பெரிய மாமா கேட்டாரே, உங்களுக்குப் பதில் வரவில்லையே, எனக்கு வருகிறது. எழுதிக்கொள்ளுங்கள். மனுஷனுக்குச் சிறுகுடல் இருபது அடி, பெருங்குடல் ஐந்தடி. திருவிழா அன்றைக்கு மலையேறி வருகிற அத்தனை பேரும் அதை நிறைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். காலையில் சரியாகப் போகாதவர்கள் கூடுதலாகவே கொண்டுவருகிறார்கள். விஜயகுமார் கொழுந்தனாருக்கு நாலு நாளைக்கு ஒருதரம் என்று கவிதா வாயாலேயே கேட்டிருக்கிறேன். அவர் சுமந்துகொண்டு வந்தால் சுத்தம், நான் குளித்து, துடைத்து, புதுப் பை ஒட்டிக்கொண்டு வந்தால் அசுத்தமா? எல்லார் வயிற்றிலும் இருப்பது சாமிக்குத் தெரியாத சங்கதியா?

பழையபடி ஆகிவிடும் என்றீர்கள். அந்தப் பழைய குடல்தான் முறுக்கிக்கொண்டு என்னைச் சாகடிக்கப் பார்த்தது. அதன்மேல் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை.

மலர்

*

மாரமங்கலம்,
30 மார்ச் 2025

மலருக்கு,

விஜயகுமார் வயிற்றைப் பற்றியெல்லாம் காகிதத்தில் எழுதுகிறாய். செல்வராஜ் வழியில் பிரித்துப் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? அவன் போன தடவை என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தான்.

உனக்கு வாய் நீண்டுவிட்டது. முன்னாலெல்லாம் நான் ஒன்று சொன்னால் சரிங்க மாமா என்பாய். இப்போது டாக்டரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாய், சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாய். நான் உன் நல்லதுக்கு ஓடியது எதுவும் உன் கணக்கில் வராது.

சரி. இருக்கிற இடத்திலேயே இரு. படையலை விஜயகுமாரே வைக்கட்டும் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். உனக்குச் சந்தோஷம்தானே?

சின்னராஜ்

*

ஏற்காடு,
24 ஏப்ரல் 2025

ஏனுங்க மாமா,

சந்தோஷம் இல்லை. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதே அதனால்தான். எழுதினால் நல்ல வார்த்தை வராது என்று பேனாவைத் தொடாமல் இருந்தேன்.

போன வாரம் ஒன்று நடந்தது. பஜாரில் ரஹமத்துல்லா பாய் கடையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பை ஓரத்தில் விட்டுக்கொண்டு கசிந்துவிட்டது. சேலையெல்லாம் ஆகிவிட்டது, வாடை வேறு. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் பொறுக்கியதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் மாமா. உங்களிடம் இவ்வளவு வாய் பேசுகிறேனே, அன்றைக்குச் செத்துப் போயிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். நீங்கள் சொன்ன டாக்டரிடமே போய்விடலாமா என்றும் நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எவ்வளவு நேரம்தான் அழுவது? எழுந்து குளித்தேன். தோலைச் சுற்றித் துடைத்து, காயவிட்டு, ஓட்டையைச் சரியான அளவுக்கு வெட்டிப் புதுப் பை ஒட்டினேன். வேறு சேலை கட்டிக்கொண்டு அதே கடைக்குத் திரும்பப் போனேன். நான் பொறுக்கிப் போட்டதை ரஹமத்துல்லா பாய் எடை போட்டுத் தனியாக வைத்திருந்தார். "தக்காளி வேணுங்களா?" என்றுதான் கேட்டார்.

இதைவிடக் கேவலம் இனி எனக்கு வரப்போவதில்லை. அது வந்து, போய், அன்றைக்கு ராத்திரி கத்திரிக்காய்க் குழம்பும் வைத்தாயிற்று. அதனால் முடிவு செய்துவிட்டேன்.

படையலை விஜயகுமார் வைக்கட்டும் என்று சொன்னீர்களே, யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்? ஜோடியாக வைக்கிற படையல் என்றால் பாதி என்னுடையது. சாமை நானே புடைத்து, நானே பொங்கி, பானையோடு திருவிழா அன்று காலையில் குகை வாசலில் நிற்பேன். நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்றால் அது நம் படையல். நிற்காவிட்டால் என் படையல்.

மலர்

*

மாரமங்கலம்,
8 மே 2025

மலருக்கு,

வராதே.

திருவிழாக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? குகை வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். முன்னால் ஒருத்தன் முட்டுவான், பின்னால் ஒருத்தன் தள்ளுவான். பை கிழிந்தால்? குடலில் யாராவது முழங்கையால் இடித்தால்? அதைப் பார்த்து எவனாவது சிரித்தான் என்றால் நான் அவனை அடிப்பேன், திருவிழாவே நாறிப்போகும்.

நான் உன்னைப் பார்த்து அசிங்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். முதலில் அப்படித்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. இப்போது அது இல்லை. பயம்தான். ஜீப்பில் உன்னை மடியில் வைத்திருந்தபோது பிடித்த பயம் இன்னும் இறங்கவில்லை. மிளகு ஏணியில் நிற்கும்போதுகூட அது வந்துவிடுகிறது. நீ கதவைச் சாத்திக்கொண்டு அழுததைப் படித்தபோதும் வந்தது. அந்தக் கடைக்காரரை எனக்குத் தெரியாது. பார்த்தால் கும்பிடுவேன்.

நீ வந்தே தீருவாய் என்றும் தெரியும். வெளிர் நிறத்தில் சேலை கட்டாதே.

சின்னராஜ்

*

மாரமங்கலம்,
27 மே 2025

மலருக்கு,

திருவிழா முடிந்துவிட்டது. நீ ஒரு வார்த்தை பேசாமல், திருநீறு வாங்கிய கையோடு செல்வராஜ் ஜீப்பில் ஏறிப் போய்விட்டாய். நான் என்ன தப்பு செய்தேன் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன், விளங்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்கே தப்பு என்று நீயே காட்டு.

நீ பானையோடு வந்தாய், கருநீலச் சேலையில். நான் உன் பக்கத்தில் வந்து நின்றேன். விஜயகுமார் தன் பானையைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். பெரியப்பா உன் வயிற்றைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், உள்ளே போனார். நாமும் குனிந்து போனோம். உன் முன்னால் ஒரு கையை நீட்டி யாரும் இடிக்காமல் மறித்துக்கொண்டே வந்தேன், கவனித்தாயோ இல்லையோ. சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் முன்னால் படையல் வைத்தாய். பெரியப்பா கற்பூரத்தைப் பற்றவைத்தார். குகைக்குள் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. அப்போது பார்த்து உன் வயிற்றிலிருந்து சத்தம் வந்தது. சின்னச் சத்தமா அது! நாலு பக்கமும் பாறை, சும்மா விடுமா?

எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. "நான்தானுங்க" என்றேன்.

பெரியப்பாவுக்கு வந்ததே கோபம். "நாப்பது வயசாச்சு, சாமி முன்னால அடக்கத் தெரியாதாடா? வெளிய போடா" என்றார். கவிதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் போகத்தான் திரும்பினேன். போனால் போகிறது என் மானம் என்றுதான் சொன்னேன். உனக்காகத்தான் சொன்னேன்.

நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "அவரு இல்லீங்க பெரிய மாமா. என் வயிறுங்க. அடக்கற சதை அதுக்குக் கிடையாதுங்க. வந்தா வந்ததுதானுங்க" என்றாய்.

பெரியப்பா மணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். உன்னையும் வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் முஷ்டியை இறுக்கிக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. மணியை அடித்தார். திருநீற்றை முதலில் உன் நெற்றியில்தான் பூசினார்.

இப்போது ஊரில் எங்கே போனாலும் உன் பேச்சுதான், "தைரியசாலிடா உம் பொண்டாட்டி" என்கிறார்கள். என்னைப் பார்த்தால் "ஏனுங்க, நீங்கதானுங்களா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். உனக்காக ஒரு தடவை பழியை என் தலையில் ஏற்றிக்கொண்டேன், அதைக்கூட நீ தட்டிவிட்டாயே, ஏன் மலர்?

சின்னராஜ்

*

ஏற்காடு,
31 மே 2025

ஏனுங்க மாமா,

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் கோபத்தில் ஜீப் ஏறவில்லை. பை நிறைந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். அந்தக் கூட்டத்தில் உங்கள் காதில் வந்து சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். சொன்னால் "எனக்குத்தானுங்க நிறைஞ்சிருச்சு" என்று ஊர் முழுக்க அறிவித்துவிடுவீர்களோ என்று பயந்துபோய் ஓடிவந்துவிட்டேன்.

நீங்கள் கையை நீட்டி மறித்துக்கொண்டு வந்ததையும் கவனித்தேன். "நான்தானுங்க" என்றீர்களே. கவாத்துக் கத்தியைக்கூட யாருக்கும் இரவல் தராத மனுஷன், மானத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்று இருந்தது. அந்தக் குகையில் அத்தனை பேர் இல்லாமல் இருந்தால் உங்களைக் கட்டிப் பிடித்திருப்பேன்.

ஆனால் நான் அதை வாங்கிக்கொள்ள முடியாது மாமா. வாங்கியிருந்தால் நீங்கள் வெளியே போயிருப்பீர்கள், நான் ஒன்றுமே நடக்காதவள்போல உள்ளே நின்றிருப்பேன். அடுத்த சத்தத்துக்கு என்ன செய்வது? அது என்னைக் கேட்டுக்கொண்டா வருகிறது? கல்யாண வீட்டில் வரும். எழவு வீட்டில் வரும். இலக்கியாவைப் பெண் பார்க்க வருகிற அன்றைக்கும் வரும். ஒவ்வொரு தடவையும் நீங்கள் குறுக்கே பாய்ந்துகொண்டே இருப்பீர்களா? சீக்கிரமே சலித்துவிடும். அப்புறம் என்னை எங்கேயும் கூட்டிப் போகாமல் இருப்பதே சுலபம் என்று தோன்றிவிடும், உங்களுக்கும், எனக்கும். என் வயிறு பேசினால் என் வாய்தான் பதில் சொல்ல வேண்டும். பெரிய மாமா வெளியே போகச் சொல்லியிருந்தால் போயிருப்பேன், ஆனால் என் பெயரில் போயிருப்பேன்.

ஜூலைக்குப் பிறகு குடலை இணைப்பதா, இப்படியே இருப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்வது நான். செய்ததும் டாக்டருக்கும் உங்களுக்கும் சொல்வேன். யாரும் அதற்கு நாள் பார்க்க வேண்டாம்.

வீட்டுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை உங்களுக்கு இருக்கிறது. வருகிற சனிக்கிழமை இங்கே வாருங்கள். என் பையை உங்கள் கையால் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றிலும் துடைத்து, புதுசு ஒட்ட வேண்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு செய்யக் கூடாது. எனக்காகச் சண்டை போடுவதைவிட, அவமானப்படுவதைவிட, அது சின்ன வேலைதான். ஆனால் அதைச் செய்தால்தான் நான் உங்களோடு பஸ் ஏறுவேன்.

நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள். குடலில் கீறினால் எனக்கு வலிக்காது, ரத்தம் வந்தபிறகுதான் தெரியும்.

முடியாது என்று தோன்றினால் வர வேண்டாம். நான் சண்டைக்கு வர மாட்டேன். வீட்டுக்கும் வர மாட்டேன்.

மலர்

*

மாரமங்கலம்,
4 ஜூன் 2025

மலருக்கு,

நகம் வெட்டியாச்சு. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

கை நடுங்கினால் திட்டாதே.

சின்னராஜ்